பவர் பட்டனில் ஒரு பொட்டு

எங்கள் ஒரகடம் தொழிற்சாலையில் ஆயுத பூஜையன்றுதான் உற்பத்தி லைன் நிற்கும். அதனால் சர்வரில் மென்பொருளின் புதிய பதிப்பைப் போடும் வேலையை அன்றைக்கே என் தலையில் கட்டினார்கள்.

பூஜை முடிந்து கிளம்பும்போது சூப்பர்வைசர் எச்சரித்தார்: "நாளைக்குக் காலை வரைக்கும் பூஜை போட்ட எதையும் தொடாதீங்க சார்."

சர்வரைத் தொடாமல் என் லேப்டாப்பிலிருந்தே வேலையைத் தொடங்கினேன்; பாதியில் திரை அப்படியே நின்றுவிட்டது. சர்வர் எழுந்திருக்காவிட்டால் நாளை லைன் ஓடாது. பவர் பட்டனை அழுத்தி அணைப்பதுதான் ஒரே வழி. சரியாக அதன்மேல்தான் குங்குமம் வைத்திருந்தார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, விரல்தான் பொட்டில் படாமல் அழுத்த ஓரம் தேடியது. அழுத்தினேன். மறுபடி போட்டதும் சர்வர் ஓடியது.

காலையில் அவர் கலைந்த பொட்டைப் பார்த்தார். "இன்னா சார், தொட்டீங்களா?"

"இல்லையே."

அன்றிலிருந்து கன்வேயர் பெல்ட் அறுந்தால்கூட அவர் என்னைத்தான் பார்க்கிறார். நான் என் விரலைப் பார்க்கிறேன்.