ஜோத்பூர் கால்சட்டை

தண்டாயுதபாணி தாராபுரத்தில் தையல் கடை வைத்திருந்த வரைக்கும் காஜா எடுப்பதும் பொத்தான் கட்டுவதும் அவர் மனைவி சாரதாமணியின் வேலை. கடைக் கட்டடம், ஊரே பண்ணாடி என்று கூப்பிடும் பண்ணையார் பொங்கியண்ணனுடையது. ஐம்பத்தாறாம் வருஷம் அவர் வாங்கிய குதிரைக்கு ஏற்றாற்போல ஒரு கால்சட்டை வேண்டியிருந்தது. படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தொடைப் பக்கம் உப்பிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே தோலோடு ஒட்டிக் கிடந்தது. பெயர் ஜோத்பூர்.

அது ராஜஸ்தானத்தில் ஓர் ஊர் என்று அவரே விளக்கினார். அந்த அரண்மனைக்காரர்கள் இதைப் போட்டுக்கொண்டு குதிரை மேல் பந்தாடச் சீமைக்குப் போனார்களாம். வெள்ளைக்காரனுக்குப் பிடித்துப்போய், தானும் தைத்து மாட்டிக்கொண்டு, ஊர்ப் பெயரையே உடுப்புக்கும் வைத்துவிட்டானாம். சரியாக அமைந்துவிட்டால் கடையை இன்னும் ஐந்து வருஷத்துக்கு எழுதித் தருகிறேன் என்றார்.

சாரதாமணி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனை உள்ளே கூப்பிட்டாள்.

"பெஞ்சு மேல ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காரச் சொல்லி அளவெடுங்க. நின்னுட்டு எடுத்தா, மடக்கறப்ப துணி பத்தாதுங்க."

"பண்ணாடியப் பாத்து, பெஞ்சு மேல ஏறி உக்காருங்கன்னு நான் சொல்றதா? வாய மூடிட்டு இரு."

நிற்க வைத்தே எடுத்தார். தொடையில் கை படாமல் டேப்பை எட்டவே பிடித்துக்கொண்டார்.

சித்திரை மாட்டுச் சந்தையில் அத்தனை பேர் முன்னால் பொங்கியண்ணன் குதிரையில் ஏறினார். கால்சட்டை பின்பக்கத்திலிருந்து முழங்கால் வரைக்கும் கிழிந்தது. மாட்டுத் தரகர்கள்கூடச் சிரித்தார்கள். ஆனிக்குள் கடையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது.

கெஞ்சப் போனது சாரதாமணிதான். கோயமுத்தூரில் புதிதாகத் தைத்ததைப் போட்டுக்கொண்டு பொங்கியண்ணன் வாசலில் நின்றிருந்தார். கோபமெல்லாம் ஆறியிருந்தது.

"அங்க டைலரு என்னைய மரப்பெட்டி மேல குதிரையாட்டம் உக்கார வெச்சுல்ல அளவெடுத்தான். வேலை தெரிஞ்சவன்."

"எங்க ஊட்டுக்காரர் உக்காருங்கன்னு சொல்லியிருந்தா உக்காந்திருப்பீங்களாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லுகிற ஆள் இல்லை. "இல்லை. அன்னைக்கே கடையக் காலி பண்ணச் சொல்லியிருப்பேன்" என்றார்.

கடை திரும்பக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து புருஷனிடம் மரப்பெட்டிச் சமாச்சாரத்தை மட்டும் சொன்னாள். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. தான் வாய் திறக்காததால் கெட்டதென்று தலையில் அடித்துக்கொண்டார். அதன் பிறகு திருப்பூருக்குக் குடிவந்து, ஒரு பனியன் கம்பெனியில் பனியனுக்குக் கை வைத்துத் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பண்ணாடியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இந்தப் பதினோரு வருஷமாகப் புலம்பிக்கொண்டே இருக்கிறார்.

மீதியையும் சொன்னால் அவருக்கு மனம் ஆறும். சாரதாமணிக்கு அது தெரியும். அன்றைக்கு வாய மூடிட்டு இரு என்றாரே, மூடிக்கொண்டுதான் இருக்கிறாள்.