மஞ்சள் பூசிய பற்கள்

வட்டவளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது சில பற்கள் கிடைத்தன. காடழிக்க வந்து செத்துப்போன எங்கள் பாட்டன்மாருடையவை என்று நினைத்து, மஞ்சள் பூசி முனியாண்டி கல்லடியில் வைத்தோம்.

விஷயம் வெளியே போய், ஆதிமனிதர் பற்களை ஆராய்கிற ஓர் அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, சிரிக்காத முகம். மஞ்சளைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். பார்க்கும்போதெல்லாம் தன் கடைவாய்ப் பல்லை நாக்கால் தடவிக்கொள்வார். கன்னம் மெல்ல அசையும்.

"கொரங்குப் பல்லுங்களா?" என்றேன்.

"இல்ல, நம்ம மாதிரி மனுசங்கதான். மேடு பள்ளத்தப் பாத்தாலே தெரியும். ஆனா உங்க பாட்டன் காலம் இல்ல, ரொம்ப ரொம்பப் பழசு. இது பெரியவங்களோடது. இந்தச் சின்னது பால் பல்லு."

"எல்லாரையும் ஒண்ணாவா பொதைச்சாங்க?"

கானின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே பாறைத்துண்டும் சேறும் தாறுமாறாகக் கலந்து கிடந்தன.

"யாரும் பொதைக்கல. மேல இருந்து மண்ணு சரிஞ்சு மூடியிருக்கு."

கன்னம் அசைவது நின்றது. மலையை அண்ணாந்து பார்த்தார்.

"உங்க காம்பிரா எதுங்க?"

"இந்தக் கடைசி வீடுதாங்க."

"மழை நேரத்துல பிள்ளைங்கள இங்க படுக்க வைக்காதீங்க."

"வேற எங்கங்க போறது?"

அவர் பற்களைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். சின்னவளுக்கு இன்னும் பால் பல் விழவில்லை. மழை வலுத்தால் என் நாக்கு தானாகக் கடைவாய்ப் பல்லைத் தேடிப் போகிறது.