தைக்கு முன் பழுக்கும் ஆமணக்கைத் தேடித் திருத்தணிக்கு

மாசி இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை திருத்தணிக்குப் போய் வந்தேன். சாமி பார்க்க அல்ல, விதை கேட்க. நான் எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. இந்தப் பதிவை முடிக்க ஒன்பது நாள் பிடித்தது. எழுதுவதில் எனக்குக் கொள்ளை ஆசை. எழுத வேண்டிய விஷயம்தான் இப்படி.

திருவள்ளூர் பக்கத்தில் எனக்கு ஒரு ஏக்கர் மானாவாரி. அதில் பதினைந்து வருடம் ஆமணக்கைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தேன். ஒரே கொல்லையில் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஒன்றின் காய் வெயிலில் வெடித்துக் கொட்டும், இன்னொன்று கொட்டாது. வெடிக்காமல், தை பிறப்பதற்குள் பழுக்கும் செடிகளில் அடையாளத்துக்குத் துணி கட்டி வைத்து, அவற்றில் மட்டும் விதை எடுப்பேன். பிறகு பக்கத்து நிலத்தில் கடையில் வாங்கிய வீரிய ரகம் போட்டார்கள். ஆமணக்கின் மகரந்தம் காற்றிலேயே வரும். மூன்றே பருவத்தில் என் ரகம் கலந்து போனது.

மிஞ்சிய நம்பிக்கை திருத்தணிப் பக்கம் இருக்கும் என் மனைவியின் தம்பி முனிரத்தினம். எட்டு வருடம் முன்பு அவனுக்கு இரண்டு படி விதை கொடுத்திருந்தேன். அவன் நிலத்தைச் சுற்றி வேறு யாரும் ஆமணக்குப் போடுவதில்லை.

காலை 6.40க்கு ரயில், டிக்கெட் பத்து ரூபாய். 7.40க்குத் திருத்தணி. இட்லியும் காபியும் ஐம்பது ரூபாய். அங்கிருந்து நான்கு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

“பெருசு, மலைக்கா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லப்பா, கொட்டமுத்துச் செடி பாக்க.” ஆமணக்கை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

“திருத்தணிக்கு வந்து சாமிய உட்டுட்டு செடி பாக்கப் போற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்!”

முனிரத்தினம் கொல்லையிலேயே இருந்தான். இருநூறு செடி இருக்கும். காய் முற்றினாலும் வெடிப்பதில்லை என்றான், அதில் என் ரகம்தான். ஆனால் எல்லாக் குலையும் பச்சை. வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தேன்.

“உங்க பாவா, பொண்ணு பாக்க வந்தாப்புல ஒவ்வொண்ணா மூஞ்சியப் பாத்துகினு போறாரு” என்று அவன் மனைவி தேசம்மாள் சிரித்தாள். அக்கா புருஷனைப் பாவா என்பது அங்கே வழக்கம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “மாசி பொறந்தும் ஏன்டா பழுக்கல?”

“வருசா வருசம் லேட்டாவுது பாவா. மண்ணு சரியில்லபோல.”

விதை எப்படி எடுக்கிறான் என்று கேட்டேன். தைக் கிருத்திகைக்கு முன் பழுத்த குலையெல்லாம் முருகனுக்கு விளக்கெண்ணெயாம். குலை அறுத்த செடியையும் வெட்டி, அதையே எரித்துத்தான் எண்ணெய் காய்ச்சுவார்களாம்.

“மொதல்ல பழுத்தது சாமிக்குத்தான பாவா? விதைய அப்பறமா பழுக்குறதுல எடுப்போம்.”

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். முந்திப் பழுத்த செடி ஒவ்வொன்றும் விதை விடாமல் அடுப்புக்குப் போயிருக்கிறது. பிந்திப் பழுத்ததன் பிள்ளைகளே மறுவருடம் முளைத்திருக்கின்றன. நான் பொறுக்கியதைத் தலைகீழாக எட்டு வருடம் பொறுக்கியிருக்கிறான், அதுவும் விரதம் இருந்து. சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது.

“சாமிக்குக் குடுத்தது தப்பா பாவா?”

“அப்பிடிச் சொல்லலடா. இந்த வருசம் எத்தினி குலை குடுத்த?”

தேசம்மாள்தான் பதில் சொன்னாள்: “ஒண்ணுகூடப் பழுக்கலண்ணா. கடையில எண்ணெய் வாங்கினு போனோம்.”

மதியச் சாப்பாடு போட்டார்கள். 2.15 ரயிலில் திரும்பினேன், வெறும் பையோடு.

விதை தேடிப் போகிறவர்களுக்கு: குலை பழுக்கும் மார்கழியிலேயே போங்கள், விதையைக் கையில் வைத்துப் பார்த்தால் அது முந்தியதா பிந்தியதா என்று தெரியாது. யாருக்காவது விதை கொடுத்தால், எந்தச் செடியில் விதை எடுப்பது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். நான் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. இன்னொரு பதினைந்து வருடம் பொறுக்க முடியாது. தைக்கு முன் பழுத்து, வெடிக்காத ஆமணக்கு உங்கள் ஊரில் எங்காவது நின்றால், தயவுசெய்து இதன் கீழே எழுதுங்கள். வெட்டிவிடாதீர்கள். நான் வரும்வரை நிற்கட்டும்.