மல்லாட்டை எண்ணெயில் ஓடிய மிஷின்

பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கிற அந்த டூ ஸ்ட்ரோக் மிஷினின் கத்தல் இன்னும் என் முதுகெலும்பில் இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் வெடித்தாக வேண்டும், மூச்சுவிட நேரம் கிடையாது. ஃபோர் ஸ்ட்ரோக் அப்படியில்லை. ஒரு சுற்றில் வெடித்தால் அடுத்த சுற்றில் புகையைத் தள்ளி, காற்றை இழுத்து, ஆற அமர வேலை பார்க்கும். இப்போது விழுப்புரத்து வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்ட என் மகன் வாங்கியிருப்பது ஃபோர் ஸ்ட்ரோக். "சத்தமே இல்ல பாரும்மா" என்று பெருமை அடித்துக்கொள்கிறான். எனக்கென்னவோ அந்தச் சாதுவைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.

என் மாமனார் டூ ஸ்ட்ரோக் ரகம். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் எங்கள் ஊர்; வேர்க்கடலையை மல்லாட்டை என்கிற பக்கம். அந்த மனிதர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. யார் பேசினாலும் பாதிப் பேச்சில் "தெரியும், தெரியும்" என்று கிளம்பிவிடுவார். என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் ரயில்வே வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவருக்குக் குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டது. "மாமா, அவருக்கு வீடு குடுத்திருக்காங்க..." என்று நான் ஆரம்பிப்பேன். "மல்லாட்டை வீட்டுக்கு வரட்டும், பாக்கலாம்" என்று சொல்லும்போதே அவர் தெருவில் இருப்பார். புருஷன் ஒரு ஊரில், நான் ஒரு ஊரில், நடுவில் மல்லாட்டை. எரிச்சலாக வரும்.

அந்த வருஷம் எங்கள் கொல்லை நிலத்தில் மல்லாட்டை நன்றாகப் பிடித்திருந்தது. மழைக்குப் பிறகு கம்பளிப்பூச்சி கிளம்பியது. காலையில் பச்சையாக இருந்த கொல்லையின் ஒரு ஓரம் சாயங்காலம் வெறும் குச்சி. கொல்லை போனால் நான் விழுப்புரம் போவதும் போச்சு.

மறுநாள் விடிந்ததும் மாமனார் பண்ணையாளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் ஓடி, முதுகில் மாட்டுகிற அந்த மிஷினை வாடகைக்கு எடுத்துவந்தார். எங்கள் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்க ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இருந்தது. அதற்கு ஆயில் வயிற்றில் தனியாக, பெட்ரோல் டேங்கில் தனியாக. அதே நினைப்பில் இதற்கும் வெறும் பெட்ரோலை ஊற்றி, பண்ணையாள் முதுகில் மாட்டிவிட்டார். கொஞ்ச நேரம்தான் ஓடியது. கிறீச்சென்று ஒரு சத்தம், அப்படியே இறுகி நின்றுவிட்டது. கொதித்துப்போன இரும்பு அந்த மனுஷன் முதுகைச் சுட்டுவிட்டது.

"ஆயில் கலந்து ஊத்தணும்னு கடைக்காரரு கத்திக்கினே இருந்தாரு. நீங்க காதே குடுக்கல" என்றார் பண்ணையாள், வலியோடு. அதற்கு வயிற்றில் ஆயில் கிடையாதாம். பெட்ரோலோடு சேர்ந்து போனால்தான் உள்ளே வழவழப்பாம்.

கிணற்று மேட்டு ஆயில் டின்னைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இல்லை. திண்டிவனம் போய்த் திரும்புவதற்குள் பூச்சி நடுவரப்பைத் தாண்டிவிடும். மாமனார் வரப்பில் இங்குமங்கும் நடந்தார். நான் வீட்டுக்கு ஓடி எண்ணெய்த் தூக்கைக் கொண்டுவந்தேன்.

"மல்லாட்டை எண்ணெயா? உனக்கு இன்னா பைத்தியமா?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க மாமா. வழவழன்னு இருந்தா சரிதானே?"

ஆறவிட்டு, கலந்து ஊற்றி, கயிற்றை இழுத்து இழுத்து, கடைசியில் அது இருமிக்கொண்டே கிளம்பியது. கொல்லை முழுக்க வடை சுடுகிற வாசனை. யார் தூக்குவது? பண்ணையாள் முதுகில் கொப்புளம். மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி மாசம்கூட ஆகவில்லை. "என் முதுகுல வைங்க" என்றேன். மாமனார் எதிரில் மருமகள் நிற்கவே தயங்கிய காலம் அது. அவர் பண்ணையாளோடு சேர்ந்து தூக்கி மாட்டிவிட்டார்.

முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். மிஷின் அதிர்வில் உடம்பெல்லாம் உதறியது. அவர் முன்னால் ஓடி ஓடி இங்கே, அங்கே என்று கை காட்டினார். என்ன சொன்னாரோ, நல்லவேளை ஒன்றும் காதில் விழவில்லை. பொழுது சாய, மிஷின் மறுபடி இறுகி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஆனால் நடுவரப்பைத் தாண்டிப் பூச்சி போகவில்லை. பாதிக் கொல்லை பிழைத்தது.

மாமனார் வரப்பில் உட்கார்ந்தார். இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. காது அடைத்திருந்ததால் ஊருக்கே கேட்கும்படி கத்திவிட்டேன். "மல்லாட்டை வீட்டுக்கு வந்ததும் நான் விழுப்புரம் போறேன் மாமா! அவரோட இருக்கப் போறேன்!"

அவர் ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் தொங்கிய காயைத் திருப்பிப் பார்த்தார். "அடுத்த வருஷம் பூச்சி வந்தா மிஷின யாரும்மா தூக்குறது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டு நானே எனக்குக் கால்கட்டுப் போட்டுக்கொண்டேனா? "தந்தி அடிங்க. வர்றேன்" என்றேன் கோபமாக.

"வந்துடணும்" என்றார்.

அறுவடை முடிந்ததும் விழுப்புரம் போனேன். அடுத்த மழைக்குத் தந்தி வந்தது, பூச்சி என்று. அடித்துப்பிடித்து பஸ் ஏறினேன். ரோட்டில் மாமனார் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கொல்லை முழுக்கப் பச்சை, ஓர் இலையில்கூடப் பொத்தல் இல்லை.

"பூச்சி எங்க மாமா?" என்றேன்.

என் கைப்பையை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.