மோட்டார் ஓடிய நேரத்தில் நான் ஜெபத்தில் இருந்தேன்

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளா, போன வருஷம் சித்திரை மாதம் எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அதற்குக் காரணம் நான். அந்தப் பழியை ஊர் வேறொருவர் தலையில் போட்டபோது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். அந்த இடத்திலிருந்து ஆண்டவர் என்னை எப்படித் தூக்கினார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற பக்கம் இருக்கிறது. மழையை நம்பின பூமி. ஊரில் எங்கள் சபைக்குப் பதினோரு குடும்பம். என் பெயர் ஞானமுத்து. பஞ்சாயத்து மோட்டாரைப் போட்டு, மேல்தொட்டியை நிரப்பி, தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிறதுதான் என் வேலை.

கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் முக்கால் மணி நேரம்தான் தண்ணீர் வரும். அதற்குப் பிறகு மோட்டாரை நிறுத்தி ஊற விட வேண்டும். நிறுத்தாமல் விட்டால் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே சுற்றி, உள்ளே எரிந்துபோகும். தானாக நிறுத்துகிற ஒரு பெட்டி இருந்தது. அது பழுதாகி வருஷம் ஒன்று ஆகியிருந்தது. அதனால் நான் பக்கத்தில் இருந்து நேரம் பார்த்து நிறுத்துவேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் சபையில் உபவாச ஜெபம். தண்ணீர் ஊறுகிறதைப் பொறுத்துத்தான் மோட்டாரைப் போடுவேன், அதற்கு நேரம் குறித்ததில்லை. அன்று பத்து மணிக்குப் போட்டேன், யாரும் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் சும்மா இருப்பானேன், ஒரு பாட்டும் ஒரு ஜெபமும் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று, அறையைப் பூட்டாமல்கூட ஓடினேன்.

போன இடத்தில், "ஞானமுத்து, ஆண்டவர் உனக்குச் செஞ்சதச் சொல்லு" என்று எழுப்பிவிட்டார்கள். நான் எழுந்து பேசினேன். பேசப் பேச எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. என்ன பேசினேன் தெரியுமா? கொஞ்சத்தில் உண்மையாக இருக்கிறவனை ஆண்டவர் கைவிடமாட்டார் என்று பேசினேன். ஞாபகம் வந்து கடிகாரத்தைப் பார்த்தபோது மணி பன்னிரண்டு.

ஓடினேன். அறை வாசலிலேயே கருகின வாடை. சுவிட்சை நிறுத்தினேன். திரும்பப் போட்டேன். ஓடவில்லை.

பஞ்சாயத்துத் தலைவருக்குப் போன் செய்து, "மோட்டார் ஓடல தலைவரே" என்று மட்டும் சொன்னேன். மத்தியானம் சங்கரன்கோவிலிலிருந்து மெக்கானிக் வந்தார். சோதித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி இல்லாம ரொம்ப நேரம் ஓடிருக்கு. உள்ள காயில் கம்பி எரிஞ்சு போச்சு. கழத்தி, திரும்பக் கட்டி, இறக்க ஆறேழு நாள் ஆகும்" என்றார்.

"யாரு வே போட்டது?" என்று தலைவர் கேட்டார்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள், கூட நின்ற ஊர் டீக்கடைக்காரர் சொன்னார். "பதினொரு மணிக்கு ஆட்டுக்கார மாடசாமி இங்கன நின்னாரு. நான் பாத்தேன். ஆட்டுக்குத் தண்ணி பிடிக்கப் போட்டுருப்பாரு."

மாடசாமி அண்ணாச்சி பனவடலிசத்திரம் பக்கத்து ஆள். வருஷா வருஷம் ஆடுகளை ஓட்டிவந்து எங்கள் ஊர்த் தரிசில் கிடை போட்டு அடைப்பார். நூற்றிருபது ஆடு. அந்தச் சமயம் பாதி ஆட்டுக்குக் குட்டி போடுகிற ஈத்து நேரம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "நான் அப்போ ஜெபத்துல இருந்தேன்."

பிள்ளைகளா, அந்த வாக்கியத்தில் ஒரு பொய்கூட இல்லை. பதினோரு மணிக்கு நான் ஜெபத்தில்தான் இருந்தேன். ஆனால் அதைக் கேட்டவர்கள் எல்லோரும், அப்படியானால் மோட்டாரைப் போட்டது இவன் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் சொன்னேன். ஆண்டவரின் பேரைச் சொல்லிக்கொண்டே ஒரு மனுஷனைக் காட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் காலை பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூட்டம் என்று முடிவானது. மாடசாமி கிடையை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், இனி இந்த ஊர்ப்பக்கமே வரக்கூடாது என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் அவரே என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றார்.

"தம்பி, நான் வெளிய மாட்டுத் தொட்டில கிடந்த தண்ணியத்தான் ஆட்டுக்குக் காட்டுனேன். அந்த மோட்டார் ரூமுக்குள்ள காலே வைக்கல. நாளைக்கு நீ ஒரு வார்த்த சொல்லு. நீ வேதக்காரன். நீ சொன்னா நம்புவாவ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பாக்கலாம் அண்ணாச்சி" என்றேன்.

"குட்டி போட்ட ஆட்ட நடத்திக்கிட்டு நான் எங்கன போவேன்? வழியிலயே பாதி செத்துப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி எஸ்தர் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்கதான போட்டிய?" என்றாள். நான் கை கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போனேன். அவள் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சோற்றைத் தொடாமல் எழுந்து வெளியே கிளம்பினேன். எங்கள் சபையில் மூத்தவர் அருளப்பன் அண்ணன். எனக்கு ஞானஸ்நானத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏலே, நீ வேணும்னா செஞ்ச? ஜெபத்துக்குத்தான வந்த. ஆண்டவரே மூடி வச்சிட்டாரு. அத நீ போய்த் திறப்பானேன்? நீ சொன்னா உன் வேலை மட்டுமா போகும்? ஜெபத்துக்குப் போனதாலதான் ஊருக்குத் தண்ணி இல்லன்னு நம்ம எல்லாரையும் ஏசுவாவ. சபைக்கு அவமானம் லே."

அவர் கெட்ட மனுஷன் இல்லை, பிள்ளைகளா. பயந்த மனுஷன். எனக்கும் அந்தப் பேச்சு இனிப்பாகத்தான் இருந்தது. விசுவாசத்தில் நிற்கிறது என்றால், வெளியே இருந்து யாராவது நம்மைத் துன்பப்படுத்தும்போது நிற்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். என்னை யாரும் துன்பப்படுத்தவில்லை. வேதக்காரன் பொய் சொல்லமாட்டான் என்று ஊரே நம்பியது. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் நான் பார்த்தேன்.

விடியற்காலையில் முழங்கால் போட்டேன். முதலில் என்ன ஜெபித்தேன் என்று மறைக்காமல் சொல்லுகிறேன். "ஆண்டவரே, மெக்கானிக் நேத்து சொன்னத மாத்தி வேற காரணம் சொல்லணும். கரண்டு கோளாறுன்னு சொல்லணும். மாடசாமியும் தப்பிக்கணும், நானும் தப்பிக்கணும்." இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வார்த்தை கூரையைத் தாண்டவில்லை. கடைசியில் கேட்க ஒன்றுமில்லாமல் சும்மா இருந்தேன். அப்புறம் ஒரே வரி வந்தது. "ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும்."

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தரிசனம் ஒன்றும் வரவில்லை. ஆனால் இனி ஒளிய வேண்டாம் என்று மனதில் தெளிந்தது. எழுந்து எஸ்தரிடம், "நான்தான் போட்டேன். சொல்லப் போறேன். வேலை போயிரும்" என்றேன். "போனாப் போகட்டும். பிள்ளை முகத்துல முழிக்கலாம்லா" என்றாள்.

கூட்டத்தில் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். பெண்கள் காலிக் குடத்தோடு நின்றார்கள். மாடசாமி அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். தலைவர் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் நான் போய் அண்ணாச்சி பக்கத்தில் நின்றேன்.

"மோட்டாரப் போட்டது நான். நிறுத்த மறந்ததும் நான். ஜெபத்துல இருந்தேன்னு நேத்து சொன்னது தப்பிக்கறதுக்குச் சொன்னது. அண்ணாச்சி மேல ஒரு குத்தமும் இல்ல."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அப்போ இன்னைக்கும் ஜெபம் பண்ணி மோட்டார ஓட்டும் வே" என்று ஒருவர். "இந்தா குடம். உம்ம சாமிகிட்டச் சொல்லி ரொப்பித் தாரும்" என்று ஒரு அக்கா குடத்தை என் காலடியில் வைத்தாள். அருளப்பன் அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கையை நீட்டி, "சாவியக் கொடு" என்றார். கொடுத்தேன். மாடசாமி அண்ணாச்சி ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் குடத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன். அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதே ஜெபித்தேன். "என்னைத் தண்டியும், என் தப்புக்காக இந்தச் சனம் தாகமா இருக்கவிடாதேயும்."

எங்கள் ஊர் மேற்கே ராமசுப்பு அய்யாவுக்கு ஒரு பெரிய கிணறு உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது. ஆனால் பழைய வரப்புச் சண்டையில் ஊரோடு பேச்சில்லை. அவர் கிணற்றுப் பக்கம் யாரும் போவதில்லை. நான் போனேன். அவர் பம்புசெட் அறை வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கூட்டத்துல நீ பேசினத அங்கன நின்ன என் மருமகன் போன்ல சொன்னான்" என்றார். "உன்ன யாரும் பாக்கலயாமே. பொறவு எதுக்குலே சொன்ன?"

"ஆண்டவர் பாத்தாரு அய்யா."

அவர் காம்பைத் தட்டி இறுக்கினார். "நாலு வருஷமா இந்த ஊர்ல ஒரு பய தப்பு என்னுதுன்னு சொல்லி நான் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல" என்றார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "குழாய இழுத்துட்டு வா. காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். மோட்டார் மட்டும் நான் போடுவேன். நீ தொடக்கூடாது. நீ பாட்டுக்கு ஜெபத்துக்குப் போயிருவ" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊரிலிருந்து கிணற்றுக்கு நான் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் பாரம் குறைந்தது. திரும்பினால் மாடசாமி அண்ணாச்சி மறுமுனையைத் தோளில் வைத்திருந்தார். "நேத்தே சொல்லிருக்கலாம்லா" என்றார். "சொல்லிருக்கணும் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க" என்றேன். "ம். வளையாமப் பிடி" என்றார். மத்தியானத்துக்குள் அருளப்பன் அண்ணனும் வந்து ஒரு கை கொடுத்தார். அன்று சாயங்காலம் அந்த அக்காவின் குடத்தை நானே நிரப்பிக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தேன். மோட்டார் திரும்ப வந்து இறங்குகிறவரைக்கும் ஊருக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

வேலை உடனே திரும்பக் கிடைக்கவில்லை. மூன்று மாதம் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். கழுத்து வீங்கிப்போகும். வீட்டில் கஷ்டம்தான். உண்மையைச் சொன்னால் எல்லாம் உடனே சரியாகிவிடும் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்று மாதமும் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை கூரையில் முட்டவில்லை. ஆவணியில் தலைவரே வீட்டுக்கு வந்து சாவியை நீட்டினார். "நீ தப்புப் பண்ணினா நீயே வந்து சொல்லிருவ. எனக்கு அது போதும்" என்றார். தானாக நிறுத்துகிற பெட்டியையும் அந்த மாதமே மாற்றிவிட்டார்கள்.

பெட்டி வந்த பிறகும் மோட்டார் ஓடும்போது நான் அந்த இடத்தைவிட்டு அசைகிறதில்லை. என் வேலையும் ஆண்டவருக்குச் செய்கிற ஆராதனைதான் என்று இப்போது தெரியும். இதைப் பார்த்து அருளப்பன் அண்ணன் ஒருநாள், "நீ ஜெபத்துக்கு வரமுடியலன்னா ஜெபம் உங்கிட்ட வரட்டும்" என்றார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை ஜெபம் மோட்டார் அறை முன்னால் வேப்பமரத்தடியில்தான். நேரம் ஆனால் பாட்டு பாதியில் நிற்கும். நான் போய் நிறுத்திவிட்டு வருவேன். விட்ட இடத்திலிருந்து பாடுவோம். பக்கத்துத் தரிசில் மாடசாமி அண்ணாச்சியின் ஆடுகளும் சத்தம் கொடுக்கும். இந்த வருஷமும் அவர் வந்திருக்கிறார்.

பிள்ளைகளா, உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். வகுப்பில் வரும், விளையாட்டில் வரும். நீங்கள் செய்ததற்கு இன்னொரு பிள்ளை முட்டி போட்டிருக்கும். உங்களை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நல்ல பிள்ளை என்று உங்களுக்குப் பேரும் இருக்கும். அப்போது தப்பிக்க வைக்கச் சொல்லி ஜெபிக்காதீர்கள். வாயைத் திறந்துவிடச் சொல்லி ஜெபியுங்கள். அந்த ஜெபத்தைக் கேட்காமல் அவர் இருந்ததில்லை. எனக்குக் கேட்டவர் உங்களுக்கும் கேட்பார். பயப்படாமல் எழுந்து போய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நில்லுங்கள்.

இதை மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உள்ளே ஓடுகிறது. நாற்பத்து மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. பேனாவை வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.