எந்தப் பனிக்கு எந்தப் பலகை

கடையில் நின்ற பிள்ளை கேட்ட முதல் கேள்வியே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"அன்ரி, சன்னுக்கா பார்க்கிறீங்கள்?"

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையில் இருந்த விளையாட்டுப் பொருட்கடை அது. அவள் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை. என்னைக் கண்டதும் தமிழில் பேச நினைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு மகன் இல்லை. நாற்பத்தாறு வயதில் பனிச்சறுக்குப் பலகை வாங்க வந்திருந்தது நான்.

"எனக்குத்தான். அல்பைன் காவிங் போட் வைச்சிருக்கிறீங்களோ? கெட்டிச் சப்பாத்து பூட்டி, பனியை வெட்டிக்கொண்டு ஓடுறது."

அவள் கணினியில் தட்டிப் பார்த்தாள். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள்.

"ஸொறி அன்ரி, உதொண்டும் நாங்கள் வைக்கிறேல்லை. நோபடி பைஸ் இற். பிகினர் போட் ஒண்டு காட்டட்டா?"

நான் பிகினர் இல்லை. ஆறு குளிர்காலம் பனியில் சறுக்கியவள். என்னோடு வேலை செய்யும் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனதில் தொடங்கியது. அவர்கள் அந்த ஒரு நாளோடு விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. என் வேலை ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுப்பது. நாள் முழுக்க அடுத்தவர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். மலையில் யாரையும் பொறுக்கச் சொல்லத் தேவையில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

முந்தைய பெப்ரவரியில் மலை உச்சிக்கு ஏற்றும் நாற்காலி லிப்டில் மேலே போய்க்கொண்டிருந்தபோதுதான் அதைக் கண்டேன். கீழே யாரோ ஒருவர் நீளமான ஒடுங்கிய பலகையில் இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு பக்கவாட்டில் சரிந்து, கையுறை பனியைத் தொட்டது. ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் எல்லோரும் பனியைச் சுரண்டிக்கொண்டு இறங்குவோம். அவர் வெட்டிக்கொண்டு இறங்கினார். அவர் போன பிறகு மலையில் பென்சிலால் கீறியது போல ஒரு கோடு மட்டும் கிடந்தது. லிப்ட் உச்சிக்கு வந்ததையும் கவனியாமல் இறங்க மறந்து, அந்தரப்பட்டு விழுந்தேன்.

அந்தக் கோட்டுக்காகத்தான் கடை கடையாகத் திரிந்தேன். மூன்று கடைகளில் இல்லை என்றார்கள். நான்காவதில், நான் எதைக் கேட்கிறேன் என்றே விளங்கவில்லை. கடைசியில் இணையத்தில் ஒரு விளம்பரம் கிடைத்தது. யூனியன்வில்லில் ஒரு வீட்டுக் கராஜில் அல்பைன் பலகைகள்.

போனபோது கதவைத் திறந்தவரும் தமிழ் பேசினார். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் மனிதர், அறுபதை நெருங்கும் வயது. அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார். வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ் திருத்துவது அவர் தொழில். முப்பது வருடத்துக்கு முன் ஒரு மலை விடுதியின் சூடாக்கியைத் திருத்தப் போன இடத்தில் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டதாம்.

கராஜ் சுவரில் மூன்று பலகைகள் சாய்ந்திருந்தன. ஒன்று என்னைவிட உயரம். ஒன்று என் நாடி மட்டத்துக்கு. மூன்றாவது அந்த இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் அகலமாக, மூக்கு வளைந்து மேலெழும்பி இருந்தது.

"எந்தப் பனியிலை ஓடப்போறீங்கள்?" என்று கேட்டார்.

"பனி பனிதானே, நானா."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. "எந்தக் கையிலை எடுத்தாலும் இரத்தம் இரத்தம்தானே" என்று சொல்பவர்களை நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

அவர் நீளப் பலகையைத் தரையில் கிடத்தி, அதன் பக்கவாட்டு வளைவை ஒட்டிச் சோக்கால் ஒரு கோடு கீறினார். "இந்த வளைவை நீட்டிக்கொண்டு போனால் ஒரு வட்டம் வரும். பதினெட்டு மீற்றர் ஆரை. பலகை அந்த வட்டத்திலைதான் திரும்பும். அதுக்கு விரிஞ்ச மலை வேணும், இறுகின பனி வேணும், நல்ல வேகமும் வேணும்." பிறகு கட்டையான பலகையைக் காட்டினார். "இதுக்குப் பத்து மீற்றர். ஒடுக்கமான மலைக்குச் சரி. ஐஸிலையும் பிடிக்கும். ஆனா பனி இளகினால் மூக்கைக் குத்திப்போடும்."

"அப்ப உது?" அகலமான மூன்றாவதைக் காட்டினேன்.

"இளகின பனி, குழம்பின பனி எல்லாத்திலையும் ஓடும். அது என்ரை. விக்கிறதுக்கில்லை."

"மற்றதுகளை ஏன் விக்கிறீங்கள்?"

அவர் சிரித்தார். "நல்லாக் குளிர்ந்தால்தான் பனி நல்லா இருக்கும். நல்லாக் குளிர்ந்தால்தான் ஃபர்னஸும் பழுதாகும். நான் எப்ப மலைக்குப் போறது?"

என் மலைக்குக் கட்டையானதுதான் பொருத்தம் என்று அவர் இரண்டு தரம் சொன்னார். நான் நீளமானதை எடுத்தேன். நான் கண்டது நீளப் பலகையைத்தானே.

அடுத்த சனிக்கிழமை காலை கணவரைக் கிளப்பினேன். அவர் மாநகர பஸ் ஓட்டுநர். காரில் ஏறும்போதே தொடங்கிவிட்டார்.

"கிழமையிலை அஞ்சு நாள் ஸ்னோக்குள்ளை பஸ் ஓட்டுறன். ஆறாவது நாள் ஸ்னோவைத் தேடி ஒண்டரை மணித்தியாலம் ஓடவேணும். இதெல்லாம் ஆரிட்டைச் சொல்லுறது?"

அன்று பனி அருமையாக இருந்தது. இரவில் இயந்திரம் வாரிவிட்ட மலை, சீப்பின் பற்கள் பட்டது போல வரிவரியாக இறுகிக் கிடந்தது. கெட்டிச் சப்பாத்தைப் பூட்டி, பலகையை விளிம்பில் சாய்த்தேன். அது நேரே போனது. இன்னும் சாய்த்தேன். இன்னும் வேகமாக நேரே போனது. அது திரும்பத் தொடங்கியபோது மலையின் அகலம் முடிந்துவிட்டது. செம்மஞ்சள் வலை வேலிக்கு ஒரு முழம் முன்னால் விழுந்து நின்றேன். இரண்டாம் தரம், வரிசையாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் நடுவால் போனேன். ஒருவர் மீதும் முட்டவில்லை. ஆனால் சிவப்புச் சட்டை போட்ட மலைக்காவலர் வந்துவிட்டார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் பாஸைப் பிடுங்கிவிடுவேன் என்றார். என் இருபத்திரண்டு வருட வேலையில்கூட ஒருவரும் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு பலகையைத் தோளில் வைத்து நடந்தே இறங்கினேன்.

மறுநாள் பலகையை யூனியன்வில்லுக்குக் கொண்டுபோனேன். "சொன்னனான்தானே" என்று அவர் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அதை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டையானதை என் கையில் தந்தார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

கட்டைப் பலகைக்கு வாய்த்தது வேறொரு பனி. வெள்ளியன்று மழை பெய்து, அன்றிரவே உறைந்துவிட்டது. சனி காலை மலை கண்ணாடி போல மினுங்கியது. ஐஸில் பிடிக்கும் என்றாரே என்று நம்பிப் போனேன். முதல் திருப்பத்திலேயே விளிம்பு வழுக்கி, மேலிருந்து கீழ்வரை இடுப்பால் இறங்கினேன். அங்கிருந்தே அவருக்குப் போன் எடுத்தேன்.

"விளிம்பைத் தீட்டினீங்களோ?"

"தீட்ட வேணுமெண்டு நீங்கள் சொல்லேல்லையே!"

"தங்கச்சி, கத்தி வாங்கினால் தீட்டத்தானே வேணும்?"

அந்தக் கிழமை முழுக்கப் பேஸ்மென்றில் இருந்து அரத்தால் உருக்கு விளிம்பை உரசினேன். நகத்தை வைத்து இழுத்தால் நகம் சீவுப்பட வேண்டும் என்றார் நானா. அடுத்த சனிக்கு முன் என் பத்து நகமும் சீவுப்பட்டுப் போயின.

அந்தச் சனி வெயில். கதவைத் திறந்தபோது கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் இழையளவும் பிழையாமல் தீட்டிவைத்த விளிம்புக்கு வேலையே இல்லை. மலையில் பனி சர்க்கரைப் பாகு போல இளகியிருந்தது. திரும்பிப் போயிருக்க வேண்டும். ஒன்றரை மணித்தியாலம் ஓடி வந்துவிட்டு எப்படித் திரும்புவது? மூன்றாவது திருப்பத்தில் பலகையின் மூக்கு ஈரப்பனிக்குள் புதைந்தது. நான் அதற்கு மேலாகப் பறந்து வலது கையில் விழுந்தேன்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். வீட்டுக்கு வரும் வழியில் கணவர் வானொலியை நிறுத்தினார். அது நல்லதற்கல்ல என்று எனக்குத் தெரியும்.

"உமக்கு என்ன விசரே?" என்றார். "உம்மடை கைதான் உம்மடை வேலை. அதைக் கொண்டுபோய்ப் பனிக்குள்ளை குத்துறீர்."

"நான் வேணுமெண்டே குத்தினனான்?"

"பழைய பலகை நல்லாத்தானே ஓடினது! எல்லாப் பனியிலையும் ஓடினது."

"ஓடினது. ஒண்டிலையும் நல்லா ஓடேல்லை."

எனக்கு அழுகை வந்தது, வலியால் அல்ல. எங்கள் காருக்கு எல்லாக் காலத்துக்குமான டயர். என் கோட்டு இலையுதிர்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் ஒன்றுதான். சோபாவை விரித்தால் கட்டில். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒன்றைத்தான் தேடித்தேடி வாங்கியிருக்கிறோம். ஒரு தரம் ஒரே ஒரு வேலைக்கென்று செய்யப்பட்ட பொருளை ஆசைப்பட்டேன். வானம் ஒவ்வொரு கிழமையும் வேறு பனியைக் கொட்டியது. இதை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "காரை ஓடுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று கிழமை ஊசி பிடிக்க முடியவில்லை. மேற்பார்வையாளர் என்னை முன்மேசையில் இருத்தி, படிவங்களை வாங்கச் சொன்னார். புதிதாக வந்த பிள்ளை ஒரு முதியவரின் கையில் நான்காம் தரமும் நரம்பைத் தவறவிட்டதை மேசையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் கடுங்குளிர் திரும்பி வந்தது. பனி எப்படி இறுகியிருக்கும் என்று நினைத்து நான் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் எங்கள் ஃபர்னஸ் நின்றுவிட்டது. நானாவைக் கூப்பிட்டேன். பேஸ்மென்றில் முழங்காலில் நின்று வேலையைச் செய்துகொண்டே என் கைக்கட்டைப் பார்த்தார்.

"இளகின பனியோ?"

"ஓம்."

"நான் இந்த வருசம் ஒருநாளும் போகேல்லை," என்றார். "இண்டைக்கு உங்கடை எட்டாவது வீடு." ஸ்க்ரூவை முறுக்கும் கை கொஞ்சம் நின்றது. அவருக்கும் என்னைப் போலவே எரிச்சல் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மூன்று சனிக்கிழமையைத் தொலைத்தேன். அவர் முப்பது குளிர்காலத்தில் பாதியையாவது தொலைத்திருப்பார்.

"குளிர் முறிஞ்ச பிறகு ஒருநாள் போவமே?" என்று கேட்டேன். "என்னட்டைக் கட்டையானது இருக்கு, மற்ற ரெண்டையும் கொண்டுவாங்கோ."

மார்ச் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். நானும் கணவரும் லீவு எடுத்திருந்தோம். நானா தன் வேலை வான் வண்டியில் குழாய்களுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே பலகைகளைப் படுக்கவைத்துக் கொண்டு வந்தார். மலையில் சனமே இல்லை. இரவு உறைந்த பனி காலை ஒன்பதுக்கு இறுகிக் கிடந்தது. அவர் சப்பாத்துக் குதியால் ஓங்கி உதைத்துப் பார்த்தார். "இப்ப கட்டையான பலகை. பத்தரைக்குப் பிறகு அகலமானது," என்றார்.

அவர் நீளப் பலகையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார். வெறும் மலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போய் வந்தார். வயிறு தள்ளிய அந்த மனிதர் பனியோடு பனியாகச் சரிந்ததை நம்ப முடியவில்லை. நான் பின்னால் இறங்கினேன். மணிக்கட்டில் பயம் இருந்தது. இரண்டு திருப்பம் சுரண்டினேன். மூன்றாவதில் விளிம்பு பிடித்தது. சத்தம் நின்றது. பலகை தானாகவே வட்டத்துக்குள் போய் என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. நான்காவது, ஐந்தாவது. பிறகு சந்தோஷத்தில் கவனம் தவறிப் பனியில் விழுந்து குந்திவிட்டேன்.

கீழே கணவர் போனில் படம் பிடித்திருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். பனியைத் தொட்டுக்கொண்டு இறங்கினேன் என்று நினைத்திருந்தேன். படத்தில் தடித்த கோட்டுப் போட்ட ஒரு பெண் ஏறக்குறைய நேராக நின்றபடி, கையை விரித்துக்கொண்டு, கவனமாக இறங்கி வந்தாள்.

"இது நானோ?"

"வேறை ஆர்?" என்றார் கணவர். "வடிவாத்தானே வாறீர்."

"சரியவே இல்லையே! நிமிர்ந்து நிக்கிறன்!"

நானா போனை வாங்கிப் பார்க்கவில்லை. மலையைக் காட்டினார். "படத்தை விடுங்கோ. அங்கை பாருங்கோ."

மேலே அவருடைய பெரிய கோடுகளுக்கு நடுவில் சின்னதாக மூன்று வளைவுகள் இருந்தன. மெல்லியவை. சுரண்டல் இல்லாதவை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சறுக்குக்காரர் அதன் குறுக்கே இறங்கி ஒன்றை அழித்தார்.

பத்தரைக்குப் பனி இளகத் தொடங்கியது. அகலமான பலகையை அவர் என்னிடம் தந்தார். அது மென்பனியில் மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஓடிய விதத்தைப் பார்த்து, "இதை எனக்குத் தாங்கோ, நானா" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். "வேறை ஒண்டு தேடித் தாறன். இதைக் கேக்காதேங்கோ." ஒன்றைக் கண்டுபிடிக்க இன்னொரு வருடம் ஆகலாம் என்றும் சொன்னார். அதற்கு அடுத்த கிழமை மூன்று நாள் மழை பெய்து மலையை மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை.

அன்று மத்தியானம் பனி பாகாகிவிட்டது. நானாவுக்கு யாரோ வீட்டிலிருந்து அழைப்பு வர, அவர் சப்பாத்தைக் கழற்றினார். கணவர் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் எத்தினை தரம்?"

"ரெண்டு," என்றேன். நான்கு தரம் இறங்கினேன்.