கரண்ட் ஆபீஸ் இடத்தில் ஒரு மூங்கில் கைப்பிடி

போன வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் காலனி பார்க்கில் ஒரு ஜீப் வந்து நின்றது. பார்க் என்றா சொன்னேன்? கரண்ட் ஆபீஸ்காரர்களைக் கேட்டால் அது சப்-ஸ்டேஷனை ஒட்டிய அவர்களுடைய காலி மனை. ஆக்கிரமித்திருப்பவர்கள்... நாங்கள்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். திருப்பதியில் எங்கள் தெருவில் நடக்க முடியாது. காலையிலேயே மலைக்குப் போகிற வேன்கள், ஆட்டோக்கள், லாட்ஜ் வாசலில் பெட்டி படுக்கையோடு குடும்பங்கள். அதனால் பல வருஷமாக அந்த மனையில்தான் எங்கள் நடை. சுற்றி ஒரு பாதை, நாலு சிமென்ட் பெஞ்ச், ஓரமாக ஓர் இரும்புக் கைப்பிடி.

அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ராணி மறுபடி நடக்கப் பழகினாள். என் பக்கத்து வீடு, புத்தூர்க்காரி. பக்கவாதம் வந்ததில் இடது கால் இழுத்துக்கொண்டது, பேச்சு குறைந்துவிட்டது. பிடிவாதம் மட்டும் குறையவில்லை. ஒரு ரவுண்டில் ஆரம்பித்து ஆறு ரவுண்டு வரை வந்திருந்தாள்.

அப்புறம் கேபிள் புதைக்கிறோம் என்று வந்தார்கள். எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டார்கள். வேலை முடிந்ததும் பழையபடி செய்து தருகிறோம் என்றார்கள். செய்தார்களா? ஒரு போர்டுதான் வைத்தார்கள் — அத்துமீறி நுழையக் கூடாது என்று.

ராணி வீட்டுக்குள் முடங்கினாள். மூன்றே மாதம்... கட்டிலிலிருந்து எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்றாகிவிட்டது. எனக்கு வந்தது பாருங்கள் கோபம். மனு எழுதினேன். மறுபடி எழுதினேன். மூன்றாவது மனுவுக்குப் பதிலாகத் தெருவே சேர்ந்து மண்வெட்டியை எடுத்தோம்.

காலனி சங்கச் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். "ஒரு புள்ளையார வெச்சிடலாம். அப்புறம் எவன் கை வெப்பான்?"

எங்கள் ஊரில் இது கைகண்ட மருந்து. பாதிப் பேர் தலையாட்டியும் விட்டார்கள். ராணியின் கணவர் முனிரத்தினம், பஸ் ஓட்டி ரிட்டயரானவர், அதிகம் பேசாதவர். மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"சாமிக்கு இந்த ஊர்ல எடம் இல்லியா இன்னா? என் பொண்டாட்டிக்குத்தான் நடக்க எடம் இல்ல. அதுக்குத்தான் நான் வெட்டிக்கினு கீறேன்."

புள்ளையார் பேச்சு அதோடு முடிந்தது. பாதையைச் சமன் செய்தோம். மேலே மின்கம்பி போகிறதே, அதனால் மரம் வைக்கவில்லை. செம்பருத்தியும் நந்தியாவட்டையும்தான். ரூல்ஸ் எங்களுக்கும் தெரியும். கைப்பிடிகூட இரும்பில் இல்லை, மூங்கில். அதைப் பிடித்து ராணி முதலிலிருந்து பழகி, மெல்ல மெல்லத் தனியாக நடக்க ஆரம்பித்தாள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஓர் இளம் பெண் என்ஜினியர். பின்னால் கடப்பாரையோடு இரண்டு ஆட்கள். "இதி மா ஸ்தலம், மேடம்" என்று தெலுங்கில் ஆரம்பித்தார்.

உங்கள் இடம்தான், யார் இல்லை என்றது? "பேர்த்தது நீங்க. அதைக் கட்டித் தந்திருக்கலாமே?" என்றேன் தமிழில்.

சித்தூர்ப் பக்கம் போலிருக்கிறது, சட்டென்று தமிழுக்கு மாறினார். "ஆர்டர் இருக்கு மேடம். இந்த மூங்கில எடுத்தே ஆகணும். அவங்கள கொஞ்சம் கைய எடுக்கச் சொல்லுங்க."

அவங்க என்றது ராணியை. அவள் பாட்டுக்கு மூங்கிலைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றேன்.

என்ஜினியர் கிட்டே போனார். ராணி நிற்கவில்லை. முகத்தைத் திருப்பி, வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொன்னாள்.

"இரும்மா... இன்னும்... ரெண்டு ரவுண்டு கீது."

யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. என்ஜினியர் நின்றார். கடப்பாரைகளும் நின்றன. ராணிக்கு ஒரு ரவுண்டு என்றால் கால் மணி நேரம். வாட்ச்சை ரெண்டு தரம் பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று ஜீப் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை மறுபடி வந்தார். ராணி நடந்துகொண்டிருந்தாள். இந்தத் தடவை அவரே கேட்டார், "இன்னும் எத்தனை ரவுண்டும்மா?"

ரெண்டுதான். என்றைக்கு வந்து கேட்டாலும் ரெண்டுதான்.